செங்கால் பலகையும் சிங்கப்பூர் மழையும்: டெக், கிளாடிங் போடுமுன்

டெக் என்பது வெளியில் போடும் பலகைத் தளம், கிளாடிங் என்பது சுவருக்கு மேல் ஏற்றும் பலகை உறை, செங்கால் இரண்டுக்கும் உதவும் ஒரு கெட்டியான மரம். இந்த ஊரில் மிக வறண்ட மாதம் பிப்ரவரி. அந்த மாதத்திலேயே சராசரியாக 105 மி.மீ. மழை பெய்துவிடுகிறது. டிசம்பரில் 330-ஐத் தாண்டும். ஆண்டுக் கணக்கு சுமார் 2,113 மி.மீ., மழை விழும் நாட்கள் 171. மும்பையிலும் ஏறக்குறைய இவ்வளவு மழைதான். ஆனால் அங்கே நான்கு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச எட்டு மாதம் மரத்தைக் காயவிடுகிறது வானம். சிங்கப்பூரில் அந்த எட்டு மாதம் கிடையாது.

மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சை பிடிக்க, பலகையின் ஈரம் ஏறக்குறைய 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். மழையே படாமல் நிழலில் அடுக்கிவைத்த பலகைகூட இந்த ஊர்க் காற்றில் 15, 16 விழுக்காட்டில்தான் நிற்கும். ஆக நமக்குள்ள விளிம்பு நாலைந்து விழுக்காடு. மாலை மழையில் நனைந்த பலகை மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. காயாத இடம் எதுவோ அங்கேதான் உளுப்பு தொடங்கும்: இரண்டு பலகை முட்டும் மூட்டு, பலகையை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகம், திருகாணித் தலைக்குள் தேங்கிய ஒரு சொட்டு, சிலிகான் வைத்து அடைத்த விளிம்பு. கீழே சொல்லப்போகும் எல்லா அளவுகளும் இந்த நான்கு இடங்களைச் சுற்றியே வரும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈர ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளும். அதனால் சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொல்வார்கள். இங்கே நிலைமை தலைகீழ். வெளிக்காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலான நாட்களில் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. படுக்கையறையில் ஏர்கான் 22-இல் ஓடுகிறது. ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளி, குளிர்ந்த உள்சுவரின் பின்னால் தண்ணீராக மாறும். அங்கே பிளாஸ்டிக் தாளோ வினைல் வால்பேப்பரோ இருந்தால் அதன் முதுகில் கறுப்புப் பூசணம் படரும். கிளாடிங் போட்ட பிறகு உள்ளே வால்பேப்பர் பூசணம் பிடிக்கிறதென்றால், மழை ஒழுகல் என்று முடிவுகட்டுமுன் இதையும் யோசியுங்கள்.

சுவரில் எங்கே போடலாம்

நம் தரைவீடுகள் செங்கல் சுவரும் சிமென்ட் பூச்சும்தான். கிளாடிங் இல்லாமலே அவை மழை தாங்கும்படி கட்டப்பட்டவை. எனவே பலகை உறை ஏற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும். நல்ல காரணங்கள் இரண்டு. ஒன்று, மேற்கு வெயில் நேராகக் காயும் மாடிச் சுவர். உறைக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் காற்று வெப்பத்தை மேலே கொண்டுபோய்விடும். இரண்டு, சாரல் அடித்து அடித்துப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்த முக்கோணப் பக்கச் சுவர். வடகிழக்குப் பருவக்காற்றின் அடைமழை டிசம்பர், ஜனவரியில் வடக்கும் வடகிழக்கும் பார்த்த சுவர்களை நனைக்கும். சுமத்ரா காற்று மேற்கிலிருந்து விடியற்காலையில் வந்து மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் மழையைப் படுக்கைவாக்கில் அடிக்கும். வீட்டின் எந்த முகத்துக்கு அதிக ஏற்பாடு தேவை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வெடிப்பை மறைப்பதற்காக உறை போடுவது காரணமாகாது. முதலில் வெடிப்பை அடைத்துப் பூசுங்கள். பலகைக்குப் பின்னால் போன ஒழுகலைத் தேடுவது பெரிய தலைவலி.

பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் போய்ப் பாருங்கள். மாடியில் மரச்சுவர் இருக்கும். ஆனால் அதன் மேல் ஆழமான கூரை இறக்கம், சுற்றிலும் வராந்தா, மூங்கில் தட்டி, அடியில் தூண்மேல் தூக்கிய தரை. கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளும் அப்படித்தான். மழையைப் பலகைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திய பிறகுதான் பலகையைப் போட்டார்கள். இன்றைய பெட்டி போன்ற வீட்டில் கூரை இறக்கமே இல்லாத சுவரில் மரத்தை ஒட்டிவிட்டு, நூறாண்டு நின்ற பங்களாவை உதாரணம் காட்டுவது சரியில்லை. குறைந்தது 600 மி.மீ. கூரை இறக்கம் இல்லாத சுவருக்கு மரம் வேண்டாம் என்பதே என் கருத்து. மரத்தோற்றம் வேண்டுமென்றால் அலுமினியம் போடுங்கள். கார் நிறுத்துமிடத்தின் உள்கூரைக்கு மரம் போடுங்கள், அங்கே அது நெடுநாள் அழகாக இருக்கும்.

பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபைபர் சிமென்ட் பலகை எரியாது, கரையான் தொடாது, மலிவு. வெட்டிய விளிம்பில் தண்ணீர் உறிஞ்சும் என்பதே அதன் குறை. அலுமினியத்துக்குப் பராமரிப்பு மிகக் குறைவு. மழைச் சத்தம் கேட்கும். வினைல் பலகை, நம் மேற்கு வெயிலில் நெளியும், விட்டுவிடுங்கள். மரம்–பிளாஸ்டிக் கலவைப் பலகை சுவருக்குத் தாங்கும், ஆனால் தீ விதிகளைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. 2017 மே மாதம் தோ குவான் ரோட்டுக் கட்டடத்தில் நடந்த தீக்குப் பிறகு, வெளிச்சுவர்க் கலவைத் தகடுகளைப் பற்றிக் குடிமைத் தற்காப்புப் படை கடுமையாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் நடுப்பகுதி கொண்ட அலுமினியத் தகடுதான் அங்கே பேசப்பட்ட பொருள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டிய சுவருக்கு எரியக்கூடிய எதையும் போடுமுன் தகுதிபெற்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பழைய வீட்டில் ஏற்கெனவே சிமென்ட் தகடு இருந்தால் அதை உடைக்காதீர்கள். 1980-கள் வரை கட்டியதென்றால் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. சோதித்துப் பார்த்து, அதற்கென உரிமம் உள்ளவர்களைக்கொண்டே கழற்ற வேண்டும்.

உறையின் அடுக்குகள்

சுவரிலிருந்து வெளியே வருவோம். முதலில் பூச்சு, அதன்மேல் நீர்காப்புப் பூச்சு அல்லது ஆவி போகவிடும் மென்தாள். தாள் என்றால் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும், மேல்தாள் கீழ்த்தாளின் மேல் குறைந்தது 150 மி.மீ. இறங்க வேண்டும், மீன் செதிள் போல. அடுத்தது ரீப்பர், அதாவது பலகையைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடிக்கும் ஒல்லிச் சட்டம். மரம் வேண்டாம், கரையானுக்கு ஏணி வைத்ததுபோல் ஆகும். அலுமினியச் சட்டமோ சூடாக முக்கித் துத்தநாகம் பூசிய இரும்போ போதும். 25 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 400 முதல் 600 மி.மீ. இடைவெளியில், செங்குத்தாக. கிடைவாக்கில் ரீப்பர் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு தொட்டி. பின்னால் இறங்கும் தண்ணீர் அங்கேயே நிற்கும். பலகை செங்குத்தாக வரவேண்டிய வடிவமைப்பு என்றால், செங்குத்து ரீப்பரின் மேல் கிடைவாக்கில் இரண்டாவது ரீப்பர் வையுங்கள். ஒரு அடுக்கு கூடும், ஆனால் தண்ணீருக்கு வழி இருக்கும்.

அந்த 25 மி.மீ. வெளிதான் முழு வேலையின் உயிர். கீழும் மேலும் திறந்திருக்க வேண்டும். கீழே பூச்சி வலை. மேலே கூரைக்கு அடியில் 15 முதல் 20 மி.மீ. பிளவு. "மழைத்தண்ணி உள்ள போயிடும் சார்" என்று மேல்பிளவை சிலிகானால் அடைத்துக்கொடுக்கும் குத்தகைக்காரர்கள் நிறைய. சாரலில் ஒரு கரண்டித் தண்ணீர் போகத்தான் போகும்; காற்று ஓடினால் அதே நாளில் வெளியேறிவிடும். அடைத்தால் உள்ளே வேக வைத்த மாதிரிதான்.

தரையிலிருந்து உறையின் கீழ் விளிம்பு 150 மி.மீ. மேலே நிற்க வேண்டும். சாரல் தெறிப்புக்காக மட்டும் இந்த அளவு சொல்லப்படவில்லை. கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணில் படவேண்டும். உறை மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது பின்னாலேயே மாடி வரை போய்விடும், உங்களுக்குத் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம்.

சன்னல் மேல்விளிம்பில்தான் பத்துக்கு எட்டு ஒழுகல் தொடங்கும் என்று வேலைக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு எப்படியோ, கவனம் அங்கே வேண்டும் என்பது உண்மை. அங்கே வளைத்த அலுமினியத் தகடு வேண்டும்: சுவரில் ஏறும் பகுதி 75 மி.மீ., வெளியே சரியும் பகுதி, பிறகு கீழே 10 மி.மீ. இறக்கம். ஏறும் பகுதி மென்தாளுக்கு அடியில் போக வேண்டும். தகட்டின் இரு முனைகளையும் மேலே மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிச் சன்னல் சட்டத்துக்குப் பின்னால் இறங்கும். தகட்டுக்கும் மேல்பலகைக்கும் நடுவில் 6 முதல் 10 மி.மீ. வெளியை அடைக்காமல் விடுங்கள். அது தண்ணீர் வெளியேறும் வாய். இங்கே சிலிகான் வைப்பது, வடிகாலை அடைத்துவிட்டு வெள்ளம் என்று புலம்புவது போல.

சிலிகான் தேவைப்படும் இடம் சன்னலின் பக்க விளிம்புகள். அங்கேயும் வெறுமனே பிதுக்கக்கூடாது. 10 மி.மீ. அகலப் பிளவென்றால் முதலில் நுரைக் கயிறு செருகி, அதன்மேல் 5 மி.மீ. ஆழத்துக்கு மட்டும். மூன்று பக்கமும் ஒட்டிய சிலிகான் வெயிலில் பலகை அசையும்போது கிழியும். இரண்டு பக்கம் ஒட்டினால் இழுபடும், அவ்வளவுதான்.

ஃபைபர் சிமென்ட் பலகையை வெட்டியதும் விளிம்புக்கு அதே நாளில் பிரைமர் அடியுங்கள். திருகாணி விளிம்பிலிருந்து 12 மி.மீ., மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி, துளை போட்டுவிட்டு. வெட்டும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. உறிஞ்சும் கருவி, தகுந்த முகக்கவசம் இல்லாமல் கார் நிறுத்துமிடத்தில் வைத்து வெட்டச் சொல்லாதீர்கள், வெட்டுபவரின் நுரையீரல் அது. மரப்பலகை என்றால் நாக்கும் பள்ளமும் உள்ள வடிவத்தில் நாக்கு எப்போதும் மேலே. தலைகீழாக அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் மழை வாங்கும் தொட்டியாகிவிடும். சின்னத் தவறு, ஆனால் முதல் பலகையை மாற்றி வைத்தால் சுவர் முழுக்க அப்படியே போகும். அடிக்குமுன் முனைகளுக்கு மெழுகு அல்லது சீலர் பூசுங்கள். மரம் நீரை நீளவாக்கில்தான் அதிகம் குடிக்கும், முனையே அதன் வாய்.

மரம் வாங்கும்போது ஒரு தராசு

இனி டெக். செங்கால் என்று சொன்னால் தொலைபேசியில் பாதிப்பேர் செங்கல் என்று கேட்டுக்கொள்வார்கள், எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலாய்த் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் மட்டுமே வளரும் மரம், படகு கட்டிய மரம். காற்றில் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ எடை. அடுத்து பாலாவ், கிட்டத்தட்ட அதே எடை. கப்பூர் இலேசானது, 575 முதல் 815 வரை.

இந்த எண்களை வைத்து கடையிலேயே சோதிக்கலாம். 25 மி.மீ. கனம், 140 மி.மீ. அகலம், 3 மீட்டர் நீளப் பலகையின் கன அளவு 0.0105 கன மீட்டர். செங்கால் என்றால் அது ஏறக்குறைய 10 கிலோ இருக்க வேண்டும். தராசு 6 அல்லது 7 காட்டினால் உங்களிடம் விற்கப்படுவது வேறு மரம், பெரும்பாலும் கப்பூரோ மெராந்தியோ. "எல்லாம் செங்கால்தான் அண்ணே" என்ற வாய்ச்சொல்லைவிட மீன் தராசு நம்பகமானது. பாலாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு: சிவப்புப் பாலாவ் என்பது வேறு ரகம், வெளியில் அவ்வளவு காலம் தாங்காது. ரசீதில் எந்தப் பாலாவ் என்று எழுதி வாங்குங்கள்.

செங்கால் பலகையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம். உயிர்மரத்தில் வண்டு போட்ட பழைய துளைகள் அவை. மரம் உலர்ந்த பின் அந்த வண்டு அங்கே வாழாது. துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

மெர்பாவ் கெட்டியான மரந்தான். ஆனால் முதல் சில மாத மழையில் காபிக் கஷாயம் போல் செம்பழுப்புச் சாறு வடியும். கீழே வெள்ளை கிரானைட்டோ வெளிர் பூச்சோ இருந்தால் கறை போகாது. கெம்பாஸ் பக்கமே போகாதீர்கள், கரையானுக்கு விருந்து.

வறண்ட நாட்டுக் கிடங்கிலிருந்து 10 விழுக்காட்டு ஈரத்தில் வந்த பலகையை இறக்கிய அன்றே நெருக்கமாக அடித்தால், ஓரிரு மாதத்தில் ஊதி ஒன்றையொன்று தள்ளித் தூக்கிக்கொள்ளும். நிழலில், குச்சி வைத்து இடைவெளிவிட்டு அடுக்கி, இரண்டு வாரமாவது இந்த ஊர்க் காற்றைக் குடிக்கவிடுங்கள்.

தளம், கால், சட்டம்

பெரும்பாலான தரைவீட்டு டெக், பின்கட்டிலோ முன்பக்கத்திலோ ஏற்கெனவே உள்ள சிமென்ட் தளத்தின் மேல்தான் உட்காரும். முதல் வேலை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். நீர்வாட்டம் 1:80 அல்லது 1:100 இருக்க வேண்டும், அதாவது ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. குழி இருந்தால் இப்போதே நிரவ வேண்டும். டெக் போட்ட பிறகு அந்தக் குழி உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏடிஸ் கொசுவுக்குத் தெரியும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி டார்ச் அடித்துப் பார்க்கும் முதல் இடங்களில் டெக்கின் அடிப்பகுதியும் ஒன்று.

மாடித் தளம், பால்கனி, அல்லது கீழே அறை உள்ள எந்தத் தளமானாலும் அதில் துளை போடக்கூடாது. நீர்காப்புப் படலத்தில் விழும் ஒவ்வொரு துளையும் கீழ்வீட்டு உள்கூரையில் மஞ்சள் வட்டமாக வரும். உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் கிடைக்கின்றன. அவற்றை வெறுமனே வைத்து, மேலே சட்டத்தைத் திருகாணியால் பிடித்தால் போதும். டெக்கின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். காலை வைக்குமுன், வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்துவிட்டால் பின்னால் யார் குற்றம் என்ற சண்டை வராது.

குறுக்குச் சட்டங்களைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே ஓடவிடுங்கள். எதிராக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஓர் அணை. இலை, மண், பூனை முடி எல்லாம் அங்கே சேறாகும். சட்டத்துக்கு அலுமினியம் நல்லது. மரச் சட்டமென்றால் பலகை எந்த மரமோ அதே மரத்தில், மேல்முகத்தில் பியூட்டைல் நாடா (நீர் புகாத ரப்பர் ஒட்டு நாடா) ஒட்டி. மேலே செங்கால், கீழே பதப்படுத்தாத மெராந்திச் சட்டம் என்று போட்டுக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பலகை புதிது போலவே இருக்கும், காலடியில் திடீரென்று அமுங்கும்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள பின்கட்டுக்குக் கணக்குப் போடுவோம். 12 சதுர மீட்டர், குத்தகைக்காரர் பாஷையில் 129 சதுர அடி. 90 மி.மீ. அகலப் பலகை, 5 மி.மீ. இடைவெளி, ஆக ஒரு வரிசை 95 மி.மீ. 3,000-ஐ 95-ஆல் வகுத்தால் 31.6, எனவே 32 வரிசை. ஒவ்வொன்றும் 4 மீட்டர் என்றால் 128 மீட்டர். வெட்டு, பிளவு, கோணல் கழிவுக்கு 10 விழுக்காடு சேர்த்து 141 மீட்டர். சட்டம் 400 மி.மீ.க்கு ஒன்று: 4,000-ஐ 400-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 11 சட்டம், 3 மீட்டர் வீதம் 33 மீட்டர். பலகை சட்டத்தைக் கடக்கும் இடத்துக்கு இரண்டு திருகாணி: 32 × 11 × 2 = 704, உடைவதற்கும் சேர்த்து 750. விலைப்பட்டியலில் 400 திருகாணிதான் என்றால், ஒரு மூட்டுக்கு ஒன்று அடிக்கப்போகிறார்கள், பலகை ஓரம் தூக்கும்.

140 மி.மீ. பலகை பார்வைக்கு கம்பீரம், செலவும் வேலையும் குறைவு. ஆனால் மேல்முகம் வெயிலில் காய்ந்து அடிமுகம் ஈரமாக இருக்கும்போது அகலப் பலகை ஓடு போல வளையும், அந்தக் குழிவில் தண்ணீர் நிற்கும். இந்த ஊருக்கு 90 போதும். வரிவரியாகப் பள்ளம் போட்ட பலகை வழுக்காது என்று விற்பார்கள். உண்மையில் பள்ளத்தில் அழுக்கும் பாசியும் சேர்ந்து அதுதான் முதலில் வழுக்குகிறது. வழவழப்பான முகத்தை மேலே வையுங்கள்.

திருகாணி

துத்தநாகம் பூசிய திருகாணியைச் செங்காலில் அடித்தால் சில மாதத்தில் தலையைச் சுற்றிக் கறுப்பு வழியும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை ஆகிறது. துருப்பிடிக்காத எஃகு வேண்டும்: பொதுவாக 304 ரகம், ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, பாசிர் ரிஸ் போல் கடலுக்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் 316. நீளம், பலகைக் கனத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, 20 மி.மீ. பலகைக்கு 50, 25-க்கு 60. அலுமினியச் சட்டம் என்றால் அதற்கான தானே துளையிடும் முனை வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி மென்மையானது, செங்கால் இரும்பு போன்றது. துளை போடாமல் முறுக்கினால் தலை கழன்று கையோடு வரும். 5 மி.மீ. திருகாணிக்குப் பலகையில் 5.5 மி.மீ., மரச் சட்டத்தில் 4 மி.மீ. துளை. புரியில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும். தலை பலகையோடு சமமாக, மிஞ்சினால் 1 மி.மீ. கீழே. ஆழமாகப் புதைத்த தலை ஒரு சின்னக் கிண்ணம், மழை பெய்யும்போதெல்லாம் அது நிறையும். பலகையின் பக்க விளிம்பிலிருந்து 20 மி.மீ., முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி அடியுங்கள்.

இரண்டு பலகை முனையோடு முனை சேரும் இடத்தில் ஒரே சட்டத்தின் மேல் இரண்டையும் நெருக்கி உட்காரவைப்பதுதான் வழக்கம், அங்கேதான் முதலில் உளுக்கும். இரட்டைச் சட்டம் போட்டு, நடுவில் 20 மி.மீ. வெளி விட்டு, ஒவ்வொரு முனைக்கும் தனிச் சட்டம் கொடுங்கள். முனைகளுக்கு நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி. வெட்டிய முனைக்குச் சீலர், மறக்காமல்.

கலவைப் பலகை வாங்கினால் சட்டம் இன்னும் நெருக்கமாக, 300 முதல் 350 மி.மீ. வெயிலில் அது நீளும்: விடியற்காலை 25 டிகிரியிலிருந்து மதியம் 60 டிகிரிக்குச் சூடேறினால் 4 மீட்டர்ப் பலகை சுமார் 5 மி.மீ. நீளக்கூடும். சுவரோடு முட்டவைத்தால் நடுவில் வில்லாக வளையும். உள்ளீடற்ற பலகையின் முனையை மூடியால் அடையுங்கள், எறும்பு குடித்தனம் வராமல் இருக்க. அடர்நிறம் எடுத்தால் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. வெளிர்நிறமும், மேலே பிளாஸ்டிக் உறை போர்த்திய ரகமும் பரவாயில்லை. உறை போர்த்தாத ரகத்தில் மரமாவு வெளியே தெரிவதால் கறுப்புப் புள்ளி விழும்.

மூடி, விளிம்பு, கைப்பிடி

வடிகால் வாய்க்கு மேலே கழற்றி மாட்டக்கூடிய மூடி வையுங்கள், குறைந்தது 300 × 300 மி.மீ. மூன்று அல்லது நான்கு பலகைத் துண்டுகளை அடியில் இரண்டு குறுக்குக் கட்டையில் சேர்த்து, திருகாணி போடாமல் விரல் நுழையும் துளை ஒன்று விட்டால் போதும். இந்த மூடி இல்லாத டெக்கை வாங்காதீர்கள். டெம்புசு இலையும் செம்பகப் பூவும் விழும் வீட்டில் மாதம் ஒருமுறை அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடிச் சறுக்குக் கதவின் படிக்கு மேலே டெக் வரக்கூடாது. டெக்கின் மேல்முகம் படியைவிட 20 மி.மீ.யாவது கீழே, கதவோரம் 10 மி.மீ. வெளி. சமமாக வேண்டும், சக்கர நாற்காலி போகவேண்டும் என்றால் கதவோரம் வரிக்கால்வாயும் மேலே கம்பித் தட்டும் வைத்துச் செய்யலாம்.

பால்கனி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க மறக்கிறார்கள். ஒரு மீட்டர் அல்லது அதற்குமேல் இறக்கம் உள்ள இடத்தில் தடுப்பின் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது, 100 மி.மீ. பந்து நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது என்பது கட்டட விதி. ஏற்கெனவே சரியாக ஒரு மீட்டர் இருந்த தடுப்புக்கு முன்னால் 100 மி.மீ. உயர டெக் போட்டால், அது 900 ஆகிவிடுகிறது. குழந்தை உள்ள வீட்டில் அந்த 100 மி.மீ. சின்ன விஷயமில்லை. குறைந்த உயரக் கால், மெல்லிய சட்டம் என்று இறக்குங்கள், அல்லது டெக்கைத் தடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். கூட்டுரிமை வீடென்றால் நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

மண்மேல் நேராகப் போடும் டெக்குக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு: 300 மி.மீ. கனசதுரக் கான்கிரீட் அடித்தளம், தூணின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் 50 மி.மீ. தூக்கிப் பிடிக்கும் எஃகு இருக்கை, கீழே களைத்தடுப்புத் துணியும் 75 மி.மீ. சரளையும், சுற்றிலும் காற்று போகத் திறந்த பக்கங்கள். பக்கங்களை அழகுக்காகப் பலகையால் மூடினால் பாதிக்குமேல் பிளவு விடுங்கள்.

ஏர்கான் வடிகுழாய் டெக்கின் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மழையாவது நிற்கும்; ஏர்கான் இரவெல்லாம் ஒரே பலகையில் ஒரே இடத்தில் சொட்டும். குழாயை நீட்டி வடிகாலில் விடுவது பத்து வெள்ளி வேலை. மூங்கில் கழியில் காயும் துணியும் அதே மாதிரிதான், கழியை ஒரு அடி தள்ளி மாட்டுங்கள்.

எண்ணெய்

வார்னிஷ் வேண்டாம். படலமாக மூடும் எதுவும் வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே நீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தோல் உரிந்த மாதிரி உரியும். பிறகு முழுவதும் சுரண்ட வேண்டும். ஊடுருவும் எண்ணெய் போதும். புதுப் பலகையில் அடித்த அன்றே பூசாதீர்கள். செங்காலும் மெர்பாவும் நாலைந்து வாரம் மழையில் சாறு வடித்த பிறகு தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயில் கண்டு, பிறகு மெல்லியதாக இரண்டு கை. பூசிய கால்மணி நேரத்தில் உறிஞ்சாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவைத்துப் போடுங்கள்.

எண்ணெய் விடாவிட்டால் ஓராண்டுக்குள் பலகை சாம்பல் நிறமாகும். நல்ல செங்காலுக்கு அது நிறமாற்றம் மட்டுமே, உள்ளே கெடுவதில்லை. சாம்பல் நிறம் பிடித்திருந்தால் எண்ணெய்ச் செலவையே விட்டுவிடலாம். பழுப்பாகவே வேண்டும் என்றால் திறந்தவெளி டெக்குக்கு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி ஒன்று, ஜூன் அல்லது ஜூலை ஒன்று. இடையில் தேவையா என்று பார்க்க, காய்ந்த பலகையில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் காத்திருக்கலாம், ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டால் எண்ணெய் டப்பாவைத் திறக்கலாம்.

பாசிக்கு உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயைப் பிடிக்காதீர்கள். மென்நாரைப் பிய்த்துப் பலகையைக் கோடுகோடாக்கிவிடும், அந்தக் கோட்டில் அடுத்த பாசி இன்னும் சுகமாக உட்காரும். சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கால்மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் மர நாரின் திசையில் தேய்த்துக் கழுவினால் போதும். இதை நவம்பர் நடுவில், வடகிழக்கு மழை இறங்குமுன் செய்து, அன்றே வடிகால் மூடியையும் திறந்து இலையை வாரிவிடுங்கள்.